எல்லாவற்றுக்கும் ஆஜர்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் ஆஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். டிக்கெட் கொடுக்கும் இயந்திரங்களைச் செய்கிற நிறுவனம் அது. பேருந்து நிலையத்தில் சுவரோரமாக நிற்குமே, நாம் அவசரமாகப் போகிற நாளாகப் பார்த்து 'சற்றுப் பொறுக்கவும்' என்று சொல்லுமே, அதுதான். பொத்தானை அமுக்கியதும், திரையில் பொட்டு வெளிச்சம்கூட வருவதற்கு முன்னால், அந்த இயந்திரத்துக்குள் முதன்முதலாகக் கண் விழிப்பது ஆஜர் எழுதிய நிரல்.

அந்த நிரலுக்கு ஒரே வேலை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இயந்திரம் என்றால் பெரிய அறிவாளி என்று வெளியே பேச்சு. தன் உடம்பில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறை எழும்போதும் கை இருக்கிறதா கால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிற பிறவி அது. ஆஜரின் நிரல் ஒவ்வொரு இணைப்பாகப் போய், 'இங்கே யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்கும். டிக்கெட் அச்சடிக்கும் பிரிண்டர் இருந்தால் அது பதில் சொல்லும். அட்டை தேய்க்கும் கருவி, காசுப் பெட்டி எல்லாம் அப்படித்தான். பதில் வந்தால் அதை இயக்குகிற, டிரைவர் என்கிற குட்டி நிரலை எழுப்பிவிட்டு அடுத்த இணைப்புக்குப் போகும். வரவில்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் சோதனைத் திரையில், கண்டுபிடித்த ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே 'ஆஜர்' என்று வரும்படி எழுதியிருந்தான். அதை ஒரு நகைச்சுவை என்று நினைத்துச் செய்திருந்தான். அவ்வளவு பெரிய அலுவலகத்தில் அதற்குச் சிரித்த ஒரே ஆளும் அவன்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஊருக்கு இருந்த மரியாதையைவிட அவனுக்கு இருந்த மரியாதை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். திரையில் பொத்தானும் படமும் வரைகிற கூட்டத்தை அவன் மனிதராகவே மதிப்பதில்லை. "நான் எழுப்பிவிட்டாத்தான் இவங்களுக்கெல்லாம் பொழுதே விடியுது" என்று காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று யாராவது கேட்கும்படியாகச் சொல்வான். கேட்டவர்கள் காபியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படி உலகத்தில் இருக்கிற பெட்டியையெல்லாம் இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுத் திரிகிறவன் வீட்டில் மட்டும் இருப்பதில்லை. உடம்பு இருக்கும். சாயங்காலம் வந்து சோபாவின் மூலையில் உட்கார்ந்து மடியில் கணினியை வைத்துக்கொள்ளும். யார் எது கேட்டாலும் அந்த உடம்பிலிருந்து "ம்... சரி" என்று ஒரு சத்தம் வரும். "என் மாப்பிள்ளை ஒரு நாள் வாயத் தொறந்து இல்லன்னு சொன்னதில்ல" என்று மாமியார் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. அந்தச் சத்தத்தின் அருமை அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "அப்பா, இன்னிக்கு நான் குளிக்க வேணாம்ல?" என்பாள். "ம்... சரி." "அப்பா, செவுத்துல யானை வரையட்டுமா?" "சரி." யானை வந்துவிட்டது, தும்பிக்கை ஜன்னல் வரைக்கும். இதை யார் வரைந்தது என்று அவன் கேட்டபோது மகள் அடுத்த வகுப்புக்குப் போகிற நேரம் ஆகியிருந்தது.

மனைவி கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை சோதிக்கிறவள். அரை இருட்டான அறையில் ஆளை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொறுமைசாலி. அந்த மருத்துவமனை, பகல் முழுக்க ரயிலில் போனால் வருகிற வேறொரு ஊரில் கிளை திறந்தது. பார்வைப் பிரிவுக்குப் பொறுப்பாக நீங்கள் வருகிறீர்களா என்று பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். பல வருஷமாக அவள் மனசுக்குள் ஆசைப்பட்ட இடம் அது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். புருஷன் கூட வருவானா, போகாதே என்பானா, அவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளால் முடிவெடுக்க முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடாகிவிட்டது.

முதல் நாள், அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னைப் புதுக் கிளைக்குப் பொறுப்பா வரச் சொல்றாங்க."

"ம்... சரி."

"ஊர் மாறணும். பாப்பாவுக்கு வேற ஸ்கூல் பாக்கணும்."

"சரி."

"நீங்களும் இந்த வேலையை விட்டுட்டு எங்ககூட வருவீங்களா?"

"ம்... சரி."

அன்றைக்கு அவள் சந்தோஷமாகப் படுத்தாள். அவ்வளவு சுலபமாக முடிந்ததில்தான் எங்கேயோ உறுத்தியது. மறுநாள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "இல்ல, நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம். நீங்க இங்கயே இருந்துக்கிறீங்களா?"

"சரி."

"அதெல்லாம் ஒன்னும் வேணாம், நான் வரலைன்னே டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"அதுவும் சரிதான்."

மடியில் இருந்த கணினியின் வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாக விழுந்திருந்தது. அவள் உள்ளே போய் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை என்று யாராவது சொல்ல வரலாம். சொல்ல வேண்டாம். ஆனால் அப்போது அவனுக்கு அலுவலகத்தில் தலைபோகிற வேலை என்பது உண்மைதான். பேருந்து நிறுவனம் ஒன்று புது மாடல் கேட்டிருந்தது. விலை குறைவாக இருக்க வேண்டும், அதனால் காசுப் பெட்டி கிடையாது, அட்டை மட்டும். பெரிய மாடலில் இருக்கிற இரண்டாவது பிரிண்டரும் கிடையாது. மின்சாரம் போய்விட்டு வந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் இயந்திரம் எழுந்து நிற்க வேண்டும். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, "உன்னை நம்பித்தான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்று ஆஜரின் தோளில் தட்டினார். தட்டினால் போதும் அவனுக்கு.

நிரலில் எதைக் குறைக்கலாம் என்று தேடினான். பழைய நிரலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இணைப்பிலிருந்து 'இருக்கிறேன்' என்று பதில் வந்தால் அதை அப்படியே நம்பாது. 'உன் பெயர் என்ன' என்று இன்னொரு கேள்வி கேட்கும். பெயர் சரியாக வந்தால்தான் ஆஜர் போடும். அந்த இரண்டாவது கேள்விதான் நேரத்தைத் தின்கிறது என்று அவனுக்குப் பட்டது. எந்த இணைப்பில் எது உட்கார வேண்டும் என்பதுதான் முன்னாலேயே முடிவான விஷயமாயிற்றே. "இருக்கேன்னு சொல்றவன்கிட்ட போய்ப் பேர் வேற கேட்டுக்கிட்டு" என்று அந்தப் பகுதியையே தூக்கிவிட்டான்.

இயந்திரம் துள்ளி எழுந்தது. சோதனைத் திரையில் மேலிருந்து கீழ்வரை ஆஜர், ஆஜர், ஆஜர். ஒரு இடத்தில்கூட இல்லை என்று வரவில்லை. கொஞ்சம் அறிவுள்ள யாருக்கும் அங்கே மூக்கில் வியர்த்திருக்க வேண்டும், ஏனென்றால் எந்த வகுப்பிலும் நாலு பேராவது வராமல் இருப்பார்கள். ஆஜருக்கு நெஞ்சுதான் விரிந்தது. இயந்திரத்துக்குள் இருக்கிற மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டை, வடிவமைக்கிற பெரியவர் ஒருவர் உண்டு, போர்டுக்காரர் என்பார்கள். அவருக்கும் இவனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. எது கெட்டாலும் இவன் போர்டு என்பான், அவர் நிரல் என்பார். அவர் மேஜைப் பக்கமாக அன்றைக்கு அவன் காரணமே இல்லாமல் மூன்று நடை நடந்தான்.

பேருந்து நிறுவனத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். பொத்தானை அமுக்கியதும் இயந்திரம் எழுந்து நின்றது. மேனேஜர் கை தட்டினார். அதிகாரி ஊர்ப் பெயரைத் தொட்டார். 'காசை வலப்புறம் உள்ள துளையில் போடவும்' என்றது திரை.

அதிகாரி வலப்புறம் பார்த்தார். வழவழவென்று தகரம். குனிந்து பார்த்தார், கீழேயும் தகரம்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, துளை எங்கேயாவது அகப்படுமா என்று தகரத்தைத் தடவிக்கொண்டே போனார். மேனேஜர் ஓடிவந்து, "கார்டு போடுங்க சார், கார்டு" என்றார். அட்டையைத் தேய்த்தார். 'கட்டணம் பெறப்பட்டது. உங்கள் டிக்கெட் தயார். நன்றி' என்றது. டிக்கெட் வரவில்லை. இல்லாத இரண்டாவது பிரிண்டரில் அது ஜோராக அச்சாகிக்கொண்டிருந்தது.

"காச வாங்கிக்கிட்டு டிக்கெட் குடுக்காம போறதுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே ஆளுங்க இருக்காங்க" என்றார் அதிகாரி. "அதுக்கு மெஷின் எதுக்கு?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். அவர் போனதும் போர்டுக்காரர் நாற்காலியைச் சாவகாசமாகத் திருப்பி உட்கார்ந்தார். இந்த நாளுக்காகத்தான் அவர் ஓய்வு பெறாமல் காத்திருந்தது போல இருந்தது.

"ஏம்ப்பா, அந்தப் பக்கம் ஒன்னுமே மாட்டலைன்னா கம்பில வோல்டேஜ் எப்படி நிக்கும்?"

"மேலதான் நிக்கும்."

"மேல நின்னா உனக்கு என்னன்னு தெரியும்?"

"ஒன்னு. ஆமாங்கற மாதிரி."

"எந்தக் கேள்வி கேட்டாலும்?"

"எல்லாம் ஒன்னு."

"எல்லாத்துக்கும் ஆமான்னு பதில் வந்தா?"

ஆஜர் தரையைப் பார்த்தான். "ஆளே இல்லன்னு அர்த்தம்."

இது அந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவனே விரல் நீட்டிச் சொல்லிக்கொடுத்ததுதான். அசடு வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை போதவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் பேசினான். தட்டில் விரலால் கோடு போட்டு, இணைப்பு இங்கே, பிரிண்டர் இங்கே என்று மூச்சுவிடாமல் விளக்கினான். தன்னைப் பற்றிய விஷயம் என்றால் அவனுக்கு நன்றாகவே பேச வரும். மனைவி கையை அலம்பாமல் காய விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே ஆள் இருந்தா பதில் எப்படி வரும்?"

"சிலதுக்கு ஆமான்னு வரும், சிலதுக்கு இல்லன்னு வரும். கலந்துதான் வரும். நெஜம்னா அப்படித்தானே?"

"அப்ப காலியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இல்லன்னு மட்டுமே பதில் வரணும்ங்கற மாதிரி ஒரு கேள்வி கேப்போம். அதுக்கும் ஆமான்னா, அப்புறம் அங்க நின்னு பிரயோஜனம் இல்ல. போயிட்டே இருக்க வேண்டியதுதான்."

"எங்ககிட்டயும் அப்படி வருவாங்க" என்றாள் அவள். "எந்தக் கண்ணாடி போட்டாலும் நல்லாத் தெரியுதும்பாங்க. கண்ணாடியே இல்லாத வெறும் பிரேமை மாட்டிவிட்டுக் கேப்போம்."

"ம்... சரி" என்றான் அவன். தன் பகுதி முடிந்ததுமே அவன் கிளம்பிப் போய்விட்டிருந்தான். தட்டின் முன்னால் உடம்பு மட்டும் மென்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சோபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க லேப்டாப்பைச் சோப்புத் தண்ணில ஊறவெச்சுத் துவைச்சிடட்டுமா?"

"ம்... சரி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அங்கே போனதும் அது சிரிப்பாக இல்லை. குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, இத்தனை வருஷமாக யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நானும் பாப்பாவும் திங்கக்கிழமை கிளம்பறோம். நீங்க வர வேணாம். திரும்பி வருவோமான்னும் எனக்குத் தெரியல."

"சரி."

மறுநாளே டாக்டரிடம் சம்மதம் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஆஜர் காதில் போனை இடுக்கிக்கொண்டு போர்டுக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தான். அந்த இரண்டாவது கேள்வியைத் திரும்பச் சேர்த்தாகிவிட்டது. நேரத்தை வேறு எங்கே மிச்சப்படுத்துவது என்பதுதான் இப்போது சண்டை. "இந்தப் பெட்டிய கொஞ்சம் கீழ எறக்கித் தர்றீங்களா?" என்றாள் மனைவி. தலையை ஆட்டிவிட்டு எடுத்தான். மாடிப்படியில் இரண்டு பெரிய பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கியது அவன்தான். டாக்சியின் பின்பக்கத்தில் ஏற்றி வைத்ததும் அவன்தான்.

"அப்பா, நீங்க வரலையா?" என்றாள் மகள் ஜன்னல் வழியாக.

"ம்... சரி" என்று சொல்லிக் கையாட்டினான். கதவு சரியாகச் சாத்தவில்லையென்று பார்த்துத் திறந்து மறுபடியும் சாத்தினான். டாக்சி தெருமுனை திரும்பும்போது அவன் போர்டுக்காரரிடம் ஒரு முக்கியமான விஷயத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தபோது விளக்கெல்லாம் அணைந்திருந்தது. தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தம் போடாமல் சோபாவிலேயே படுத்துக்கொண்டான். அதைத் தன்னுடைய நல்ல குணம் என்றும் நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னாலேயே, யாரையும் எழுப்பாமல் அலுவலகம் போய்விட்டான். அன்றைக்கு அதிகாரி மறுபடியும் வந்தார். காசுப் பெட்டி இல்லை, இரண்டாவது பிரிண்டர் இல்லை என்பதை இயந்திரம் ஒழுங்காகக் கண்டுகொண்டது. அட்டையைத் தேய்த்தார், டிக்கெட் வந்தது. கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேனேஜர் இரண்டு தோளிலும் தட்டினார். போர்டுக்காரர்கூட 'பரவாயில்ல' என்று ஒரு வார்த்தை சொன்னார். இதை வீட்டில் சொல்லியாக வேண்டும் என்று ஆஜர் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி வந்துவிட்டான்.

கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டான். மகளைக் கூப்பிட்டான். சமையலறையில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான், படுக்கையறை வாசலில் நின்று கூப்பிட்டான். அலமாரியில் அவன் சட்டைகள் மட்டும் தொங்கின. மகளின் அலமாரியில் சின்னதாகிப்போன சாக்ஸ் ஒன்று கிடந்தது. போன் போட்டான்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"புது ஊர்ல. நேத்தே வந்து சேர்ந்தாச்சு. இன்னிக்கு வேலையில சேந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொன்னேன். நெறைய வாட்டி சொன்னேன். பெட்டியக்கூட நீங்கதான் ஏத்தி வெச்சீங்க."

மாடிப்படியில் பெட்டி முழங்காலில் இடித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. கனமாக இருந்ததும் ஞாபகம் வந்தது. ஏன் இவ்வளவு கனம் என்று அப்போது ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பது தெரிந்தபோது அவனுக்கு அவமானமாக இருந்தது.

"நான் கவனிக்கல" என்றான்.

"தெரியும்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னால் மகள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இப்பக் கேக்கறேன்" என்றாள். "போன் காதுலதான இருக்கு? அந்த வேலைய விட்டுட்டு இங்க வந்துடுவீங்களா?"

பழக்கதோஷத்தில் 'ம்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் அதை நிறுத்திப் பிடித்தான். வேலையை விடுவதை நினைத்துப் பார்த்தான். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. பெண்டாட்டி பிள்ளை ஊரைவிட்டுப் போன நேரத்திலும், வெட்கமில்லாமல், அப்படியே பிடித்திருந்தது. அங்கே போனால் தனக்கென்று ஒரு இடமும் இருக்காது என்று பயமாகவும் இருந்தது.

"இல்ல" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "என்னால வர முடியாது. நீ போனதும் எனக்குப் பிடிக்கல. போகாதன்னுதான் நான் சொல்லியிருப்பேன்."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அடக்கிக்கொண்டு அழுகிற அழுகை இல்லை, விட்டு அழுதாள்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாமே."

"இப்பப் போடு" என்றான் அவன்.

போட்டாள். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். பிரசவ வார்டில் அவன் மடியில் கணினி இருந்ததைச் சொன்னாள். அவளுடைய அப்பா செத்த செய்தியைச் சொன்னதற்கு வந்த பதிலைச் சொன்னாள். அவன் உட்காரவில்லை, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றபடியே கேட்டான். ஒன்றிரண்டுக்கு எதிர்த்துப் பேசினான், கத்தவும் செய்தான். மற்றதையெல்லாம் ஆமாம் என்று ஒத்துக்கொண்டான். காது சுட்டது, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். அவள் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை, அவனும் போவதாகச் சொல்லவில்லை. பாப்பாவுக்குப் பசிக்கிறது என்று அவள்தான் கடைசியில் நிறுத்தினாள்.

"நாளைக்குக் கூப்பிடுங்க" என்றாள். "நான் இன்னும் முடிக்கல."